கம்பத்தில் ஏறுபவரிடம் சாவி இருக்கட்டும்

ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கம் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று மலை ஊராட்சிகள் இருக்கின்றன. மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை விதைத்து, புளியும் பலாவும் விற்றுப் பிழைக்கும் ஊர்கள். ஊராட்சி ஒன்று என்றாலும் குக்கிராமங்கள் சரிவுக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுக்குப் போகும் மின்கம்பி காட்டையும் ஓடையையும் தாண்டித்தான் போகிறது. கோடை இடி இறங்கும் மாலையிலோ, ஐப்பசிக் காற்றில் கிளை முறியும் இரவிலோ மின்சாரம் போனால் பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. கம்பி போகும் வழியெல்லாம் டார்ச் அடித்துக்கொண்டு நடக்க வேண்டும். இடம் தெரிந்ததும் அந்தப் பகுதிக்கான ஏ.பி. சுவிட்சை, அதாவது கம்பத்தில் உள்ள துண்டிப்புச் சுவிட்சை, இறக்கிவிட்டு, திரும்பி வந்து கம்பத்தில் ஏற வேண்டும். சமவெளித் தெருவில் சுவிட்ச் உள்ள கம்பமும் பழுதான கம்பமும் கூப்பிடு தூரத்தில் இருக்கலாம். மலையில் இரண்டுக்கும் நடுவே ஒரு குன்றே நிற்கும். மேலே ஏறியவர் கண்ணுக்குச் சுவிட்ச் படாது, சுவிட்ச் பக்கம் வந்து நிற்பவர் கண்ணுக்கு ஏறியவர் படமாட்டார். செல்போன் சிக்னலும் எல்லா வளைவிலும் கிடைப்பதில்லை. லைன்மேன்களும் வயர்மேன்களும் ஏன் சாகிறார்கள் என்று யோசிக்க இந்தத் தூரத்திலிருந்து தொடங்குவதே சரி. மின் ஊழியர் மரணச் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருபவர்களுக்கு ஒன்று புலப்படும். மின்சாரம் இருப்பது தெரிந்து கை வைத்தவர்களைவிட, இல்லை என்று நம்பிக் கை வைத்தவர்களே அந்தச் செய்திகளில் அதிகம் வருகிறார்கள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி இந்தியாவில் அண்மை ஆண்டுகளில் மின்சாரம் தாக்கி ஆண்டுதோறும் 12,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். மோட்டார் போடப் போன விவசாயி, ஈரத் துணியைக் கம்பியில் உலர்த்திய பெண், பன்றிக்கு வைத்த மின்வேலியில் சிக்கியவர், திருவிழாவுக்கு சீரியல் செட் கட்டிய பையன் எல்லோரும் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகிறார்கள். மின்சாரத்தையே தொழிலாகக் கொண்டவர் எத்தனை பேர் என்று அந்தப் பட்டியல் பிரித்துச் சொல்வதில்லை. கட்டடத் தொழிலாளி சாரத்திலிருந்து விழுந்தால் தொழில் விபத்து என்று எல்லோருக்கும் புரிகிறது. வயர்மேன் ஷாக் அடித்து விழுந்தால் அது அவருடைய விதி போலவும், தொழிலோடு ஒட்டிப் பிறந்த ஒன்று போலவும் பேசப்படுகிறது. அது விதி அல்ல என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். லைன் ஆஃப் செய்யப்பட்டிருக்கிறது என்பது இன்று பல இடங்களில் வெறும் வாய்வார்த்தை. அதைப் பூட்டாகவும், சோதனையாகவும், எர்த்தாகவும் (கம்பியை மண்ணோடு இணைப்பதாகவும்) மாற்றினால் இந்தச் சாவுகளில் பெரும்பகுதியைத் தடுக்கலாம். அப்படி மாற்ற முதலில் வேண்டியது இரண்டாவது ஆள்.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து பார்ப்போம். ஆளைக் கொல்வது உடல் வழியே ஓடும் மின்னோட்டத்தின் அளவு. வோல்டேஜ் அதைத் தள்ளிவிடும் விசை மட்டுமே. 1 மில்லி ஆம்பியர் அளவில் லேசாகச் சுரீரென்கிறது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சீல் என்ற பேராசிரியர், முன்வந்த தன்னார்வலர்களின் கையில் கம்பியைக் கொடுத்து, எந்த அளவு வரை அதை விட முடிகிறது என்று பல ஆண்டுகள் சோதித்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியரிலும் பெண்களுக்கு 10.5 அளவிலும் கைத்தசை இறுகிக்கொண்டது. அதற்கு மேல் அவர்களால் விரலைப் பிரிக்க முடியவில்லை. கரண்ட் ஆளைப் பிடித்துக்கொண்டது என்று ஊரில் சொல்வது இதைத்தான். உண்மையில் பிடித்திருப்பது அவருடைய சொந்தக் கைதான். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போய்ச் சற்று நேரம் நீடித்தால் இதயம் ஒழுங்காகத் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கலாம், இரத்தம் ஓடாது. வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பு இழுப்பதே ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர். 230 வோல்ட் கம்பியைத் தொட்டு வெறுங்காலோடு மண்ணில் நிற்பவர் உடலில் 200 மில்லி ஆம்பியர் வரை ஓடலாம். வியர்வையும் மழையும் சேர்ந்தால் இன்னும் கூடும். ஆகவே சும்மா வீட்டுக் கரண்ட்தானே என்ற பேச்சுக்கு இடமே இல்லை. 11,000 வோல்ட் வேறு வகையில் கொடியது. தோலின் தடையை அது உடனே உடைத்துவிடும். வெளியே சிறு கருக்கல் தெரியும், உள்ளே தசை வெந்திருக்கும். வெந்த தசையிலிருந்து கசியும் புரதம் சிறுநீரகத்தை அடைத்துப் பிறகு உயிரை எடுப்பதும் உண்டு. உயிர் பிழைத்தவர்களில் பலர் கையையோ காலையோ இழக்கிறார்கள். இவற்றோடு, எட்டு ஒன்பது மீட்டர் கம்பத்திலிருந்து விழுவதையும் சேர்க்க வேண்டும். தாங்கிக்கொள்ளக்கூடிய ஷாக்கும் பிடியை நழுவவிட்டால் போதும், மீதியைத் தரை முடித்துவிடும்.

சரி, ஆஃப் செய்த லைனில் மின்சாரம் எப்படி வருகிறது? இதற்கு ஒரு காரணம் இல்லை, பல உண்டு. அனுபவம் உள்ள எந்த லைன்மேனைக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வார். முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது: யாரோ ஒருவர், வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து, அல்லது மேலே ஆள் இருப்பதே தெரியாமல், சுவிட்சைத் தூக்கிவிடுகிறார். இரண்டாவது பழைய ஏ.பி. சுவிட்சின் துரு. கைப்பிடியைக் கீழே இழுத்தால் மூன்று பிளேடும் திறக்க வேண்டும். திருகாணி தளர்ந்தோ துருப்பிடித்தோ ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டே நிற்கும். கீழே இருப்பவருக்குக் கைப்பிடி இறங்கியது தெரியும், ஒரு பேஸ் சார்ஜில் இருப்பது இருட்டில் தெரியாது. மூன்றாவது, ஒரே கம்பத்தில் இரண்டு வழியிலிருந்து வரும் கம்பிகள்: ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை மறப்பது. நான்காவது பலரும் அறியாதது. வீட்டிலோ கடையிலோ ஜெனரேட்டரை வாங்கி, சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் நேராகப் பிளக்கில் செருகினால், அதன் மின்சாரம் மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்கு வரும். அங்கிருந்து மின்மாற்றிக்குப் போனால், 11,000 வோல்ட்டை 433 ஆகக் குறைப்பதற்கு வைத்த அதே மின்மாற்றி, தலைகீழாக வேலை செய்து, குறைந்த அழுத்தத்தை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றி மேலே அனுப்பும். ஊரின் மொத்தச் சுமையும் இணைந்திருந்தால் அந்தச் சின்ன ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும் என்று ஆறுதல் சொல்வார்கள். கம்பி அறுந்து ஊர் தனியாகத் துண்டிக்கப்பட்டிருக்கும் புயல் இரவில் அந்த ஆறுதல் உதவாது. (மேற்கூரை சூரிய மின் இன்வர்ட்டர்கள் பொது மின்சாரம் போனதும் தாமே நின்றுவிடும்படி செய்யப்பட்டவை, அவற்றின் மேல் வீண்பழி வேண்டாம்.) ஐந்தாவது, பக்கத்தில் சார்ஜில் ஓடும் லைனிலிருந்து தூண்டப்பட்டு வரும் மின்னழுத்தம். ஆறாவது மலைக்கே உரியது: இந்தச் சரிவில் வானம் தெளிந்திருக்கும், அதே கம்பியின் மறுமுனை போகும் சரிவில் இடி இறங்கிக்கொண்டிருக்கும். இவற்றோடு, நியூட்ரலில் ஷாக் அடிக்காது என்ற மூடநம்பிக்கையையும் சேர்த்துக்கொள்ளலாம். எங்கோ நியூட்ரல் அறுந்திருந்தால் மின்மாற்றியோடு தொடர்பற்றுப் போன பக்கத்தில் அதுவும் பேஸைப் போலவே கடிக்கும்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். சுவிட்சை இறக்குவது முதல் காரணத்தை மட்டுமே, அதுவும் அரைகுறையாகவே, தடுக்கிறது. மற்ற ஐந்தையும் அது தொடுவதே இல்லை. யார் நிறுத்துவது, யார் உறுதி செய்வது, யார் திரும்பக் கொடுப்பது என்பதில் தெளிவில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மின் ஊழியர் அல்லாதவர்களின் இரண்டு பெரிய சாவுகளே சாட்சி. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாவின் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தனர். தேரோட்டம் என்றால் லைனை நிறுத்தும் வழக்கம் தமிழ்நாட்டில் எங்கும் உண்டு. அன்று அது நிறுத்தப்படவில்லை. 2023 ஜூலை 19 அன்று உத்தராகண்டின் சமோலியில், அலக்நந்தா கரையில் உள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், இரவில் இறந்துகிடந்த ஊழியரின் உடலைக் காலையில் பார்க்கப் போலீசாரும் ஊராரும் கூடி நின்றார்கள். இரவில் ஒரு பேஸ் போயிருந்தது. முற்பகலில் அதைச் சரிசெய்து சப்ளை கொடுத்ததும் இரும்புக் கைப்பிடிகள் முழுவதும் மின்சாரம் பாய்ந்தது. மொத்தம் 16 பேர் இறந்தார்கள். ஒருவரைக் கொன்ற இடத்துக்கு யாரும் பூட்டுப் போடவில்லை, எங்கோ இருந்தவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்து முடித்து மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டார். மின் விபத்துகளின் கொடுமையே இதுதான். பல சமயம் இதில் கெட்ட எண்ணம் கொண்டவர் யாரும் இருப்பதில்லை, அவரவர் வேலையை அவரவர் செய்ததாலேயே சாவு வந்திருக்கும்.

ஜெர்மனியில் எலக்ட்ரீஷியன் தொழில் பயிலும் மாணவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது ஐந்து விதிகளை. மின்சாரத்தை முழுதாகத் துண்டி. யாரும் திரும்ப இணைக்க முடியாதபடி செய். மின்சாரம் இல்லை என்று கருவியால் சோதித்து உறுதி செய். கம்பிகளை ஒன்றோடொன்று சேர்த்து எர்த் செய். அருகில் சார்ஜில் உள்ளவற்றை மூடு. இந்த வரிசை மாறக் கூடாது, ஒன்றும் விடுபடக் கூடாது. இரண்டாம் விதியின் நடைமுறை வடிவம் ஒரு சாதாரணப் பூட்டு. நம் ஊர் ஏ.பி. சுவிட்சுகளின் கைப்பிடியிலும் பூட்டு மாட்ட இடம் வைத்துத்தான் செய்கிறார்கள். கம்பத்தில் ஏறுபவர் தன் கையால் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். இரண்டு குழுக்கள் இரண்டு இடத்தில் வேலை செய்தால் இரண்டு பூட்டு. கடைசி ஆள் இறங்கிவந்து தன் பூட்டைத் திறக்கும்வரை அந்தச் சுவிட்ச் யாருக்கும் அசையாது. அமெரிக்கா 1989-ல் தொழிற்சாலைகளுக்கு இந்தப் பூட்டு முறையைச் சட்டமாக்கியது. ஆண்டுக்கு 120 உயிர்களையும் 50,000 காயங்களையும் அது தடுக்கிறது என்பது அந்நாட்டுத் தொழில் பாதுகாப்புத் துறையின் மதிப்பீடு. மின் நிறுவனங்களுக்கென்று தனி விதிகள் 1994-ல் வந்தன. நம்மிடமும் விதி இல்லாமல் இல்லை. மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2023-ம் ஆண்டு ஒழுங்குமுறைகளும், கம்பியைத் தொடும் முன் எர்த் செய்து மின்னூட்டத்தை இறக்க வேண்டும் என்கின்றன. கையுறை, ரப்பர் காலணி, பெல்ட், ஏணி, எர்த்திங் கருவி, தலைக்கவசம், லைன் டெஸ்டர் கொடுப்பது நிறுவனத்தின் கடமை என்றும் சொல்கின்றன. எல்.சி. என்று ஊழியர்கள் சொல்லும் லைன் கிளியர் முறையும் நெடுங்காலமாக இருக்கிறது. தாளில் எழுதி வாங்க வேண்டிய எல்.சி. போனில் கேட்டு வாங்கும் எல்.சி.யாகவும், சில சமயம் லைன் போயிருக்குமே என்ற ஊகமாகவும் தேய்ந்துபோவதுதான் கோளாறு.

இதற்கு உடனே வரும் எதிர்ப்பு, ஊழியர்களே கவனமாக இருப்பதில்லை என்பது. கையுறை கொடுத்தால் போடுவதில்லை, எர்த் ராடைத் தூக்கிக்கொண்டு போவதில்லை, நான் எத்தனை வருஷமா பார்க்கிறேன் என்கிறார்கள், பிறகு யாரைக் குறை சொல்வது? இதில் உண்மை இருக்கிறது. பழக்கம் பயத்தைத் தின்றுவிடும் என்பது எந்த ஆபத்தான தொழிலிலும் காணக்கூடியதே. ஆனால் பதில் மூன்று உண்டு. ஒன்று, கையுறை என்று ஒன்று கொடுத்ததாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. குறைந்த அழுத்தத்துக்கான ரப்பர் கையுறை 11,000 வோல்ட்டுக்கு வெறும் அலங்காரம். உரிய தரத்தில் உள்ளதும் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் போயிற்று, ஒவ்வொரு முறையும் காற்றடைத்துச் சோதித்த பிறகே போட வேண்டும். வைகாசி வெயிலில் அந்தத் தடிமனோடு சின்ன நட்டைத் திருகிப் பார்த்தவர்களுக்கு அது ஏன் கழற்றி வைக்கப்படுகிறது என்று புரியும். கையுறை கடைசி அரண். அதை முதல் அரணாக நினைத்ததே தவறு. இரண்டு, மனிதர் கவனம் சிதறுவது மழை பெய்வதைப் போல நிச்சயமானது. இரவு இரண்டு மணிக்கு, நான்காவது பழுதைத் தேடி நடக்கும் ஒருவருக்கு ஒரு விநாடி தவறுவது இயல்பு. அந்த ஒரு விநாடிக்குத் தண்டனை மரணமாக இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் ஏற்பாடு என்பதன் பொருள். எர்த் ராடு இரண்டு பக்கமும் மாட்டியிருந்தால், யாராவது சுவிட்சைத் தூக்கினாலும் மின்சாரம் மண்ணுக்குப் பாய்ந்து அங்கே பிரேக்கர் விழுமே தவிர, ஆள் விழமாட்டார். மூன்றாவது பதிலைச் சட்டமே சொல்லிவிட்டது. 1923-ல் வந்து பின்னர் திருத்தப்பட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி, தொழிலாளி குடித்திருந்தார், வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறினார், பாதுகாப்புக் கருவியைக் கழற்றினார் என்று முதலாளி வாதிட்டுத் தப்பிப்பது உயிரையோ உழைக்கும் திறன் முழுவதையுமோ பறிக்காத காயங்களில் மட்டும்தான் முடிந்தது. விளைவு மரணமோ நிரந்தர முழு ஊனமோ என்றால் அந்த வாதம் செல்லவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் பிறந்த சட்டம் அவ்வளவு தூரம் யோசித்திருக்கிறது. நம் டீக்கடைப் பேச்சு இன்னும் கவனக்குறைவு என்ற இடத்திலேயே நிற்கிறது.

அதே சட்டத்தின் 12-ம் பிரிவு ஒப்பந்தக்காரர் வைத்த ஆள் இறந்தாலும் வேலையைக் கொடுத்த மூல நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கலாம் என்றது. இந்தப் பிரிவு தமிழ்நாட்டு மின்துறைக்கு மிகவும் பொருந்தும். 1957 ஜூலை 1-ல் தோன்றிய மின்வாரியம், பிறகு டான்ஜெட்கோவாகி, இப்போது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகமாகி நிற்கிறது. இந்தப் பெயர் மாற்றங்கள் ஊடே மாறாதது ஒப்பந்தத் தொழிலாளரை நம்பி ஓட்டுவது. அவர்களை நிரந்தரமாக்கும்படி நீதிபதி காலித் ஆணையம் பரிந்துரைத்து முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. 2021-ல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கேங்மேன்களாக எடுக்கப்பட்டார்கள். குழி தோண்டிக் கம்பம் நடுவதற்கென்று எடுத்த தங்களைப் பராமரிப்பு வேலைக்கும் ஏற்றுகிறார்கள், அப்படியானால் கள உதவியாளராக்குங்கள் என்பது அவர்களுடைய நெடுநாள் கோரிக்கை. 2025-ல் டி.என்.பி.எஸ்.சி. மூலம் 1,794 கள உதவியாளர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. தொழிற்சங்கங்கள் காட்டும் காலியிடக் கணக்கோ பல பத்தாயிரம். ஆள் பற்றாக்குறை என்றால் பில் கட்ட வரிசையில் நிற்பதுதான் நமக்குத் தோன்றும். கம்பத்தடியில் அதன் பொருள் வேறு: இருவர் போக வேண்டிய பழுதுக்கு ஒருவர் போவது. ஒருவர் மட்டும் போனால் பூட்டு, சோதனை, எர்த் எல்லாமே அவருடைய களைப்பையும் அவசரத்தையும் பொறுத்தவை ஆகிவிடுகின்றன. சுவிட்சுக்கும் கம்பத்துக்கும் நடுவே குன்று நிற்கும் மலையில் அவருக்குக் காவல் யாரும் இல்லை. பழகிய ஊர்ப் பையனைக் கூட்டிக்கொண்டு போய், நீ கீழே நில்லுடா என்பது மாற்று ஏற்பாடு ஆகாது. அந்தப் பையனுக்குப் பயிற்சியும் இல்லை, ஏதாவது ஆனால் அவன் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

பணம் எங்கே என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மின் நிறுவனத்தின் கடன் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். பூட்டுக்கும் எர்த் ராடுக்கும் ஆகும் செலவு பெரிதல்ல, ஆளுக்கு ஆகும் செலவு பெரிது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் எல்லாப் பிரிவிலும் ஒரே நாளில் ஆள் நிரப்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இருப்பவர்களை எங்கே வைப்பது என்பதில் தூரத்தையும் ஒரு கணக்காக எடுத்துக்கொள்ளலாம். இன்று ஆள் ஒதுக்கீட்டில் இணைப்புகளின் எண்ணிக்கை முக்கியம். மலையில் இணைப்பு குறைவு, கம்பியின் நீளம் அதிகம், நடை அதிகம், மரம் அதிகம். இணைப்பை மட்டும் எண்ணினால் புதூர்நாடு போன்ற ஊர்கள் எப்போதும் ஆள் குறைந்தே நிற்கும்.

மலை மக்களே காத்திருக்கத் தயாராக இல்லையே என்பது இன்னொரு எதிர்ப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைத்த குளிர்பெட்டி, குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், இரவில் யானை இல்லாவிட்டாலும் பாம்பும் பன்றியும் நடமாடும் தெரு. மின்சாரம் அங்கே ஆடம்பரம் இல்லை, அது வருவதற்கே அந்த ஊர்கள் நெடுங்காலம் காத்திருந்தன. ஆகவே சீக்கிரம் வேண்டும் என்ற குரலில் நியாயம் உண்டு. ஆனால் பூட்டி, சோதித்து, எர்த் மாட்ட ஆகும் நேரம் எவ்வளவு? பயிற்சி உள்ள இருவருக்கு இருபது நிமிடம் கூட ஆகாது. பழுதைத் தேடி நடக்கும் மூன்று நான்கு மணி நேரத்தில் இது ஒரு பொருட்டே இல்லை. நேரத்தைத் தின்பது பாதுகாப்பு அல்ல, பழைய கம்பியும் வெட்டாத கிளையும்தான். ஒருவேளை ஊழியர் அடிபட்டுவிட்டால் விசாரணை முடிந்து லைன் வர ஆகும் நேரத்தையும் எண்ணிப் பார்க்கலாம், அந்தக் கணக்கைப் போடவே கூச்சமாக இருக்கிறது. காப்பிட்ட ஏரியல் கேபிள், தலைக்கவசத்திலேயே எச்சரிக்கை ஒலி எழுப்பும் கருவி என்று தொழில்நுட்பத்தைக் காட்டுபவர்களும் உண்டு. அவை வரட்டும், மரம் சூழ்ந்த மலைக்குக் காப்பிட்ட கம்பி உண்மையிலேயே நல்லது. ஆனால் பாட்டரி தீர்ந்த கருவி ஒலிக்காமல் இருப்பதை, மின்சாரம் இல்லை என்று எடுத்துக்கொண்டு கை வைப்பார் ஒருவர். கருவி துணை நிற்கலாம், பூட்டின் இடத்தைப் பிடிக்கக் கூடாது.

இரண்டாவது ஆள் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, மலையில் அதுவே முதல் காரணம் ஆகலாம். ஷாக்கில் இதயம் நடுங்கி நின்றவருக்கு நெஞ்சழுத்தம் கொடுக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்தாலும் மலைப்பாதையில் பத்து நிமிடத்தில் வந்து சேராது. திருப்பத்தூர் அரசு மருத்துவமனைக்கு இறங்கவும் நேரம் பிடிக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்கு அருகில் நிற்கும் சக ஊழியரே மருத்துவர். முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். அதற்கு முன் தொட்டால் இரண்டு உடல் கிடக்கும். குறைந்த அழுத்தம் என்றால் உலர்ந்த மரக்கட்டையால் கம்பியைத் தள்ளலாம், உயரழுத்தத்தில் அதுவும் கூடாது. மூச்சு இல்லையென்றால் மார்பின் நடுவில் இரு உள்ளங்கையை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, உதவி வரும்வரை நிறுத்தாமல் அழுத்த வேண்டும். ஷாக்கில் நின்ற இதயம் பெரும்பாலும் நோய் இல்லாத, வலுவான, இளம் இதயம். உடனே அழுத்தியவர்களுக்குப் பலன் கிடைக்கும் வாய்ப்பு வேறு காரணங்களால் இதயம் நின்றவர்களைவிட நன்றாகவே இருக்கிறது. தனியாகப் போனவருக்கு இந்த வாய்ப்பு அறவே கிடையாது.

இதுவரை சொன்னது நிறுவன ஊழியரைப் பற்றி. ஊரில் வீடு வீடாக வயரிங் செய்யும் எலக்ட்ரீஷியனுக்கு எல்.சி. கொடுக்க யாரும் இல்லை, இழப்பீடு கொடுக்க மூல நிறுவனமும் இல்லை. தமிழ்நாட்டில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு ஆண்டுதோறும் நடக்கிறது. ஐந்து ஆண்டு அனுபவம் உள்ள, 21 வயது நிரம்பியவர் எழுதலாம். ஆனால் அந்த ஐந்து ஆண்டும் அவர் கற்றது யாரிடம் என்பதைப் பொறுத்தே அவருடைய பழக்கம் அமைகிறது. பேஸைப் புறங்கையால் தட்டிப் பார்க்கும் குருவிடம் கற்றவர் அதையே செய்வார். இவருக்கும் விதி அதேதான்: மெயினை இறக்கு, பியூஸ் கேரியரைப் பிடுங்கிப் பையில் போடு, டெஸ்டரை முதலில் சார்ஜில் உள்ள ஒன்றில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு வேலை செய்யும் இடத்தில் வை. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயமாக்கியிருக்கும் ஆர்.சி.டி. என்ற கசிவுத் துண்டிப்பான் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விநாடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும்.  வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல, அடுத்த முறை அந்த வீட்டில் ஸ்விட்ச் மாற்ற வருபவருக்கும் அது காப்பு. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்வதும் இவருக்குக் கிடைக்கும் சில பிடிமானங்களில் ஒன்று. 1891-ல் அமெரிக்க லைன்மேன்கள் தங்களுக்கென்று முதல் பெரிய சங்கம் கண்டபோது அதற்குத் தலைவராக இருந்த ஹென்றி மில்லர், 1896-ல் வாஷிங்டனில் கம்பத்தில் வேலை செய்யும்போது ஷாக் அடித்து விழுந்து இறந்தார். அந்தச் சங்கம் பாதுகாப்பையும் பயிற்சியையும் கேட்டது அப்படிப்பட்ட சாவுகளைப் பார்த்துத்தான். நம் ஊர் வயர்மேன்களுக்குப் பேரம் பேச அப்படி ஒரு கூட்டுக் குரல் இன்னும் உருவாகவில்லை.

வாசகர்கள் செய்யக்கூடியவை சில. ஜெனரேட்டர் வைத்திருந்தால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள். மின்வேலிக்குக் கம்பியில் கொக்கி போடாதீர்கள்; இரவில் பழுது தேடி உங்கள் கொல்லை வழியே நடப்பவர் லைன்மேனாகவும் இருக்கலாம். ஏ.பி. சுவிட்சில் பூட்டுத் தொங்கினால், எவ்வளவு நேரம் ஆனாலும், அதை உடைக்கவோ உடைக்கச் சொல்லவோ கூடாது. அறுந்த கம்பியையோ சாய்ந்த கம்பத்தையோ கண்டால் கிட்டே போகாமல் மின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். பழுது பார்க்க ஒரே ஒருவர் தனியாக வந்திருந்தால், இன்னொருவர் எங்கே என்று அவரைக் கேட்காதீர்கள். உதவிப் பொறியாளர் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்; ஊராட்சியின் கிராமசபைக் கூட்டத்தில் தீர்மானமாகவும் போட்டு அனுப்புங்கள்.